இலை எடுக்கும் நேரத்தில் ஓடிய கடிகாரம்

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு சர்வரின் மேல் பழி போட்டேன். அது தவறான பழி என்று தெரிய ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து, தன் கோடில் இல்லாத குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தார் ஒரு டெவலப்பர். அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். ஜேமீட்டர் என்ற கருவியை வைத்து லோடு டெஸ்ட் செய்கிற, அதாவது பலர் ஒன்றாக வந்தால் ஒரு தளம் எப்படித் தாங்குகிறது என்று அளக்கிற, யாருக்கும் இது நடக்கலாம். நடந்துகொண்டிருப்பதே தெரியாமலும் இருக்கலாம்.

சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்குப் பஸ் டிக்கெட் விற்கிற ஒரு தளம். பண்டிகை முன்பதிவு திறக்கிற காலையில் கூட்டம் அள்ளும். 300 பேர் ஒரே சமயத்தில் பஸ் தேடினால் பக்கம் எத்தனை நேரத்தில் வருகிறது என்று அளந்து சொல்ல வேண்டியது துரைப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் டீமின் வேலை. முதலில் ஆங்கிலப் பக்கத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினோம். 100 தேடலில் 95 அரை விநாடிக்குள் முடிந்தன. எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் தமிழ்ப் பக்கம் தயாரானது. அதே ஸ்கிரிப்டில் மொழியை மட்டும் மாற்றி ஓட்டினோம். அதே கணக்கு இப்போது இரண்டு விநாடியைத் தாண்டியது.

மொழியைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. அதனால் தமிழ்ப் பெயர்களை எடுத்துக் கொடுக்கிற டேபிளில்தான் கோளாறு என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன். டெவலப்பர் போனில், "மேடம், எங்க பக்கம் 200 மில்லிதான் காட்டுது, இன்னொரு தடவை பாருங்க" என்றார். பார்த்தேன். அவர்களுடைய வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் லாகையும், அதாவது ஒவ்வொரு ரிக்வெஸ்டும் பதிவாகிற கோப்பையும், வாங்கிப் பார்த்தேன். அதில் 'ரிக்வெஸ்ட் டைம்' என்ற பத்தியில் பல வரிகள் ஒரு விநாடிக்கு மேல் இருந்தன. அவர் லாகே என் பக்கம் சாட்சி சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பத்தி எதை அளக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. அது, கேட்டவருக்குக் கடைசி பைட்டை அனுப்பி முடிக்கும் வரை ஓடுகிற கணக்கு. வாங்குகிறவர் கை நீட்டாமல் நின்றால், கொடுக்கிறவர் கணக்கிலும் நேரம் ஏறும். பக்கத்திலேயே 'அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம்' என்று இன்னொரு பத்தி இருந்தது. அப்ளிகேஷன் உண்மையில் எடுத்துக்கொண்ட நேரம் அதில்தான் இருக்கும். அதில் 200 மில்லி விநாடிதான். அவர் பார்த்தது அந்தப் பத்தியை.

உண்மையைக் கண்டுபிடித்தது டீமில் சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு பெண். திண்டிவனத்துக்காரி. ரிசல்ட் கோப்பில் ஒவ்வொரு வரியிலும் ரிக்வெஸ்ட் கிளம்பிய நேரமும் அதற்கு ஆன மில்லி விநாடியும் இருக்கும். எல்லோரும் அந்த இரண்டாவது எண்ணுக்குச் சராசரி எடுப்போம், பெர்சன்டைல் (100-க்கு 95 எத்தனை நேரத்துக்குள் என்கிற மாதிரிக் கணக்கு) எடுப்போம், வரைபடம் போடுவோம். அவள் இரண்டையும் கூட்டி, ஒவ்வொரு ரிக்வெஸ்டும் எந்த நொடியில் முடிந்தது என்று ஒரு பத்தி சேர்த்தாள். பிறகு மெதுவாக வந்தவற்றை மட்டும் வடிகட்டி அந்தப் பத்தியில் வரிசைப்படுத்தினாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். எல்லாமே ஒரே சமயத்துல முடியுது."

கிளம்பிய நேரங்கள் சிதறிக் கிடந்தன. முடிந்த நேரங்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. 11:42:07-இல் ஒரே பத்து மில்லி விநாடிக்குள் எழுபத்து சொச்சம் ரிக்வெஸ்ட் முடிந்திருக்கின்றன. அதற்கு முந்திய ஒன்றேகால் விநாடி முழுக்க ஒன்றுகூட முடியவில்லை. மூடியிருந்த ரயில்வே கேட்டைத் திறந்தால் வண்டிகள் மொத்தமாகப் பாயுமே, அந்த மாதிரி. ஒரு சர்வர் வேலை மிகுந்து தேங்கினால் பெரும்பாலும் இப்படி வராது. வரிசை மெல்ல மெல்லக் கரையும். சர்வர் பக்கம் 200 மில்லிதான் காட்டும்போது இத்தனை பேரும் ஒரே இமைப்பில் விடுபட்டால், அவர்கள் அத்தனை பேரையும் நிறுத்தி வைத்த கேட் அவர்கள் கிளம்பிய இடத்தில்தான் இருக்க வேண்டும். அதாவது எங்கள் மெஷினில், ஜேமீட்டருக்குள்.

ஜேமீட்டர் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவாவில் பயன்படுத்திய நினைவகத்தை நாம் திருப்பிக் கொடுக்க வேண்டாம், ஜாவா நிரல்களை ஓட்டுகிற ஜேவிஎம்மே பார்த்துக்கொள்ளும். 1959-இல் லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி யோசித்த ஏற்பாடு. கார்பேஜ் கலெக்‌ஷன் என்று பெயர், நாங்கள் ஜிசி என்போம். அது எப்படி வேலை செய்கிறது என்று புதியவர்களுக்குச் சொல்ல எனக்குக் கல்யாண மண்டபப் பந்தியைவிட நல்ல வழி கிடைத்ததில்லை.

மேஜை மேல் நீளப் பேப்பர் விரித்து இலை போடுகிறார்கள். பந்தி முடிகிறது. முக்கால்வாசிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஓரமாக ஒரு தாத்தா மட்டும் பாயசத்தை ரசித்துக் குடித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு இலையாக எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த பந்தி தாமதமாகும். அதனால் தாத்தாவை இலையோடு அடுத்த மேஜைக்கு மாற்றிவிட்டு, பேப்பரை ஒரு முனையிலிருந்து ஒரே சுருட்டாகச் சுருட்டிவிடுகிறார்கள். எத்தனை இலை கிடந்தது என்பது கணக்கே இல்லை. எத்தனை தாத்தாக்களை மாற்ற வேண்டியிருந்தது என்பதுதான் கணக்கு. ஜி1 என்கிற கலெக்டர், நிரல் நினைவகத்தில் உருவாக்குகிற புதிய தரவுப் பொருள்களைச் சுத்தம் செய்வது அச்சு அசலாக இப்படித்தான். 2017-இல் வந்த ஜாவா 9 முதல் இதுதான் வழக்கமான கலெக்டர். ஜேமீட்டரின் ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டும் இதைத்தான் கேட்கிறது. பெரும்பாலான பொருள்கள் பிறந்த வேகத்தில் செத்துப்போகும் என்பதை நம்பி அமைத்த முறை.

ஆனால் சுருட்டுகிற நேரத்தில் பரிமாறுகிறவர்கள் எல்லோரும் நிற்க வேண்டும். ஜேமீட்டரில் ஒவ்வொரு திரெட்டும், அதாவது தனியாக ஓடுகிற ஒவ்வொரு வேலைச் சரடும், ஒரு பயணி. ஜிசி நடக்கிறபோது 300 பயணிகளும் இருந்த இடத்தில் சிலையாகிவிடுவார்கள். கடிகாரம் மட்டும் நிற்காது. சர்வர் பதிலை அனுப்பிவிட்டது, பதில் எங்கள் மெஷினின் வாசலுக்கு வந்தும்விட்டது. வாங்க வேண்டிய திரெட் உறைந்து நிற்கிறது. அது விழித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கும்போது 1,400 மில்லி விநாடி. அதை அப்படியே சர்வர் கணக்கில் எழுதிவிடுகிறது.

எவ்வளவு பெரிய அநியாயம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, அப்படியென்றால் ஆங்கிலப் பக்கத்துக்கு ஏன் இது நடக்கவில்லை? ஜிசி லாக் இல்லாமல் இதற்குப் பதில் இல்லை. ஜேவிஎம்முக்கு எக்ஸ்லாக் ஆப்ஷனைக் கொடுத்து ஜிசி விவரங்களைத் தனிக் கோப்பில் எழுதச் சொல்லி, தமிழ்ப் பக்கத்தை மறுபடி ஓட்டினோம். ஹீப், அதாவது ஜாவா தன் பொருள்களை வைக்கிற நினைவகம், ஜேமீட்டர் தருகிற வழக்கமான 1 ஜிபிதான். அதை நாங்கள் தொட்டதே இல்லை. முதல் ஐந்து நிமிடம் 'பாஸ் யங்' வரிகள் (புதிய பொருள்களைச் சுத்தம் செய்ய நின்ற நிறுத்தங்கள்), ஒவ்வொன்றும் 30, 40 மில்லி விநாடி. அதற்குப் பிறகு 'ஜி1 ஹியூமங்கஸ் அலோகேஷன்' என்ற சொல் வரிக்கு வரி வர ஆரம்பித்தது. பத்தாவது நிமிடத்தில் இப்படி ஒரு வரி: பாஸ் ஃபுல், 1019எம் அம்புக்குறி 871எம், அடைப்புக்குள் 1024எம், கடைசியில் 1243 மில்லி விநாடி. மொத்த மண்டபத்தையும் நிறுத்திவைத்துச் சுத்தம் செய்து, 150 எம்பிகூடத் தேறவில்லை. அரை நிமிடம் கழித்து மறுபடி அதே வரி.

ஜி1 ஹீப்பைச் சம அளவு மேஜைகளாகப் பிரிக்கும், ரீஜன் என்பார்கள். 1 ஜிபி ஹீப்பில் ஒரு ரீஜன் 1 எம்பி. ஒரு பொருள் பாதி ரீஜனையோ அதற்கு மேலோ அடைத்தால், அதாவது 512 கேபி இருந்தாலே, அது ஹியூமங்கஸ். அதைப் பந்தியில் உட்கார வைக்காமல் தனி மேஜை கொடுத்து நேராகப் பழைய பொருள்கள் இருக்கும் பகுதியில் வைக்கும். மேஜையில் மிச்சம் இருக்கிற இடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது.

எங்கள் தேடல் ரெஸ்பான்ஸ் ஒரு நீளமான ஜேசன், தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதுகிற உரை வடிவம். ஆங்கிலத்தில் சுமார் 360 கேபி, தமிழில் சுமார் 400 கேபி. இரண்டுமே 512-க்குக் கீழேதான், வித்தியாசமும் பெரிதில்லை. இங்கேதான் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

விடை ஜாவா தன் சரங்களை (எழுத்துத் தொடர்களை) வைத்திருக்கிற விதத்தில் இருந்தது. ஜாவா 9-இல் காம்பாக்ட் ஸ்ட்ரிங்ஸ் என்று ஒரு சிக்கனம் வந்தது. ஒரு சரத்தில் இருக்கிற எல்லா எழுத்தும் லத்தீன் வகையென்றால் எழுத்துக்கு ஒரு பைட். அந்த வகைக்கு வெளியே ஒரே ஒரு எழுத்து இருந்தாலும் சரம் முழுவதும், அதிலிருக்கிற ஆங்கில எழுத்துகள் உட்பட, எழுத்துக்கு இரண்டு பைட். எங்கள் ஜேசனில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆங்கிலச் சொற்களும் எண்களும் அடைப்புக்குறிகளும்தான். நடுநடுவே ஏறும் இடம், இறங்கும் இடம் மட்டும் தமிழில். 'கிளாம்பாக்கம்' என்ற சொல் யூனிகோடில் 13 குறிகள். நெட்வொர்க்கில் யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் வரும்போது 39 பைட், ஜாவா சரத்துக்குள் 26 பைட். தமிழ்ச் சொல் தனியாகப் பார்த்தால் உள்ளே சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் அது நுழைந்த அந்தக் கணத்தில், அதைச் சுற்றியிருக்கிற மூன்று லட்சத்துச் சொச்சம் ஆங்கில எழுத்துகளும் இரட்டிப்பாகிவிட்டன. 400 கேபியாக வந்த ரெஸ்பான்ஸ் சரமாக மாறும்போது 720 கேபி. ஒவ்வொரு தேடலும் ஒரு முழு மேஜையைப் பிடித்துக்கொண்டது.

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு 'தமிழுக்கும் இதேதான்' என்று கையெழுத்துப் போட்டிருந்தால் இது வெளியே வந்தே இருக்காது. தமிழில் சேவை தருகிறவர்கள் தமிழ்த் தரவை வைத்தே சோதிக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவருவதற்கு இது ஒரு காரணம்.

அப்புறம் ஒரு கணக்கு. ஜேமீட்டரில் ஒவ்வொரு திரெட்டும் தனது முந்தைய ரெஸ்பான்ஸை அடுத்தது வரும் வரை கையில் வைத்திருக்கும். பயணி பஸ் பட்டியலைப் பார்த்து யோசிக்கிற நேரம் என்று பத்து விநாடி இடைவெளி விட்டிருந்தோம். அந்தப் பத்து விநாடியும் 400 கேபி பைட்டுகளும் ஒரு எம்பி மேஜையும் அவர் பிடியில். 300 பேருக்கு 420 எம்பி. பஸ்ஸின் எண்ணை எடுக்க ஜேசன் எக்ஸ்ட்ராக்டர் போட்டிருந்தோம். அது முழுப் பட்டியலையும் நினைவகத்தில் ஒரு மரமாகக் கட்டும், மூலத்தைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். 1 ஜிபி மூச்சுமுட்டியதில் வியப்பில்லை.

இன்னொரு கேடும் உண்டு. அந்த ஒன்றேகால் விநாடியில் எங்களிடமிருந்து ஒரு புது ரிக்வெஸ்டும் கிளம்பவில்லை. சர்வருக்கு அது ஓய்வு. திரெட்டுகள் விழித்ததும் எல்லோரும் ஒன்றாகப் போய் விழுகிறார்கள், அது நிஜத்தில் இல்லாத நெரிசல். சோதிக்கிற கருவியே தயங்குவதால் தவறிப்போகிற அளவுகளுக்கு கில் டெனே என்ற பொறியாளர் 'கோஆர்டினேட்டட் ஒமிஷன்' என்று பெயர் வைத்தார். பல வருடமாக அந்தச் சொல்லைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். என் ரிசல்ட் கோப்பில் அதைப் பார்த்தது இப்போதுதான்.

என்ன மாற்றினோம் என்பதைச் சொல்கிறேன், எண்களை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஹீப்பை 4 ஜிபி ஆக்கினோம். ஆரம்ப அளவு, உச்ச அளவு இரண்டையும், அதாவது எக்ஸ்எம்எஸ்ஸையும் எக்ஸ்எம்எக்ஸையும், ஒன்றாகவே வைத்தோம். சோதனை நடுவில் ஹீப் வளர்வதும் சுருங்குவதும் அளவைக் கலைக்கும். மெஷினில் இருப்பது 8 ஜிபி. ஏன் 7 கொடுக்கக் கூடாது என்று மேனேஜர் கேட்டார். ஹீப்புக்கு வெளியேயும் ஜாவாவுக்கு இடம் வேண்டும். 64 பிட் லினக்ஸில் ஒவ்வொரு திரெட்டின் ஸ்டாக்குக்கும் 1 எம்பி வரை ஒதுக்கப்படும், ஜாவா வகுப்புகளின் விவரங்களை வைக்கிற மெட்டாஸ்பேஸ் தனி, சாக்கெட் பஃபர்கள் தனி, ஆப்பரேட்டிங் சிஸ்டம் தனி. அதை நெருக்கினால் மெஷின் ஸ்வாப்பில், அதாவது நினைவகத்துக்குப் பதில் மெதுவான டிஸ்க்கில், இறங்கும், அல்லது கர்னல் ஜேமீட்டரையே கொன்றுவிடும். ஸ்வாப்பில் கிடக்கிற ஹீப்பை ஜிசி தொட்டால் ஒன்றேகால் விநாடி எல்லாம் ஒன்றுமே இல்லை.

ரீஜன் அளவை 4 எம்பி என்று நாங்களே குறித்தோம். இப்போது 2 எம்பி இருந்தால்தான் ஹியூமங்கஸ். 720 கேபி சரம் மற்றவர்களோடு பந்தியில் உட்கார்ந்து மற்றவர்களோடு எழுந்து போகிறது. எங்கள் நோய்க்கு மருந்து ரீஜன் பெரிதானதுதான். ஹீப்பை 4 ஜிபி ஆக்கியதிலேயே ரீஜன் தானாக 2 எம்பி ஆகியிருக்கும், 720 கேபிக்கு அதுவே போதும்; 4 என்று குறித்தது கூடுதல் பாதுகாப்பு.

ஸ்கிரிப்டிலும் கை வைத்தோம். ஜேசன் எக்ஸ்ட்ராக்டரை எடுத்துவிட்டு பவுண்டரி எக்ஸ்ட்ராக்டர் போட்டோம். இடது பக்கம் இது, வலது பக்கம் இது, நடுவில் இருப்பதை எடு என்கிற எளிய வேலை, மரம் கட்டாது. எதையும் எடுக்கத் தேவையில்லாத ரிக்வெஸ்டுகளுக்கு ரெஸ்பான்ஸை எம்டி5 சுருக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னோம். ரெஸ்பான்ஸை ஜிஸிப்பாக (சுருக்கிய வடிவில்) வாங்கினால் நினைவகம் மிச்சமாகுமா என்று ஒருவர் கேட்டார். பிரவுசர்கள் அப்படித்தான் கேட்கும் என்பதால் அந்த ஹெடரைச் சேர்த்தோம், ஆனால் ஜேமீட்டர் உள்ளே வாங்கியதும் விரித்துத்தான் வைக்கும், ஹீப்புக்கு லாபம் இல்லை. கடைசியாக, 300 பேரை 150 ஆக இரண்டு மெஷின்களுக்குப் பிரித்தோம்.

ஒவ்வொரு ரெஸ்பான்ஸையும் திரையில் காட்டுகிற 'வியூ ரிசல்ட்ஸ் ட்ரீ'யைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னல் முறையில் லோடு டெஸ்ட் ஓட்டாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். ஜேமீட்டரே திறக்கும்போது டெர்மினலில் சொல்கிறது.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜி1-க்கு ஒரு இலக்கு கொடுக்கலாம், ஒரு நிறுத்தம் இத்தனை மில்லி விநாடிக்குள் முடியட்டும் என்று. ஜேமீட்டர் ஸ்கிரிப்டில் அது 100. டீமில் ஒருவர் அதை 20 ஆக்கினார். குறைத்தால் வேகம் என்பது இயல்பான நினைப்பு. ஜி1 அந்த இலக்கை எட்டுவதற்காகப் புதிய பொருள்களுக்கான இடத்தைச் சுருக்கிவிட்டது. பந்தி சின்னதானதால் அடிக்கடி இலை எடுக்க வேண்டி வந்தது, சாப்பிட்டு முடிக்காத தாத்தாக்களும் ஒவ்வொரு முறையும் அதிகமானார்கள். மொத்தத்தில் நின்ற நேரம் கூடியது. 100-க்கே திரும்பினோம்.

வேறொரு டீமிடமிருந்து கைமாறி வந்த செட்டிங் கோப்பு ஒன்றும் எங்களிடம் இருந்தது. அதில் சிஎம்எஸ் கலெக்டருக்கான ஆப்ஷன்கள். அந்தக் கலெக்டரே 2020-இல் ஜாவா 14-இல் நீக்கப்பட்டுவிட்டது. யார் எந்த மெஷினுக்கு எழுதினார்கள் என்று தெரியாத மருந்துச் சீட்டை நாம் சாப்பிடமாட்டோம். இதிலும் அந்தக் கவனம் வேண்டும். ஸெட்ஜிசி என்ற இன்னொரு கலெக்டரைப் போட்டால் எல்லாம் தீருமே என்கிறவர்களுக்கும் இதே பதில். அதன் நிறுத்தங்கள் ஒரு மில்லி விநாடிக்குள் அடங்கும், உண்மைதான். ஆனால் அது திரெட்டுகள் ஓடும்போதே கூட ஓடிச் சுத்தம் செய்வது. எங்கள் மெஷினில் அப்போது இருந்தது இரண்டு கோர். 300 பயணிகளுக்கே போதாத இடத்தில் அதற்கு எங்கே போவது? பெரிய மெஷினில், ஜாவா 21-இல் முயன்று பார்க்க எனக்கும் ஆசை உண்டு.

மாற்றங்களோடு ஒரு மணி நேரம் ஓட்டினோம். ஃபுல் ஜிசி ஒன்றுகூட இல்லை. மிக நீண்ட நிறுத்தம் 46 மில்லி விநாடி. தமிழ்ப் பக்கத்தில் 100-க்கு 95 தேடல் 480 மில்லி விநாடிக்குள். சர்வரில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

மறுநாள் மதியம் டெவலப்பரைப் பார்க்கப் பெருங்குடிக்குப் போனேன். லாகை விரித்து வைத்து, 11:42:07 கொத்தைக் காட்டி, "தப்பு எங்க பக்கம் சார். ஒன்பது நாள் உங்களை அலைய விட்டுட்டேன்" என்றேன். அவர் அந்த முடிவு நேரப் பத்தியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதைக் கண்டுபிடிச்சது யாரு மேடம்?" என்று கேட்டார். சொன்னேன். "அந்தப் பொண்ணுகிட்ட நான் தேங்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க. அந்த டேபிளை நான் மூணு தடவை திருத்தி எழுதினேன்."

அடுத்த வாரம் 600 பேரோடு ஓட்டியபோது, சீட்டைப் பிடித்து வைக்கிற இடத்தில் நிஜமாகவே ஒரு தேக்கம் தெரிந்தது. ஒரே பஸ்ஸின் சீட்டுகளுக்குப் பலர் மோதும்போது டேட்டாபேஸில் பூட்டு விழுந்து வரிசை நீண்டது. இந்த முறை முடிவு நேரங்கள் சிதறியே இருந்தன, அப்ஸ்ட்ரீம் பத்தியும் அதையே சொன்னது. ரிப்போர்ட்டோடு எங்கள் ஜிசி லாகையும் இணைத்து அனுப்பினேன். ஒரு கேள்வி வரவில்லை. இரண்டு நாளில் சரிசெய்துவிட்டார்கள்.

இப்போது எங்கள் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி இருக்கிறது: சோதித்த மெஷினின் அதிகபட்ச ஜிசி நிறுத்தம், மொத்த நிறுத்தம், சிபியு உச்சம். அதை நிரப்பாமல் யாரும் அனுப்பக் கூடாது. போன வாரம் வேறொரு வேலை, சாயந்திரம் ஆறரை மணி, நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்துப் பெண் நாற்காலியைத் திருப்பினாள்.

"அக்கா, ஜிசி லாக் பார்த்துட்டேன். அதிகபட்சம் 31 மில்லி. ஃபுல் ஒண்ணுகூட இல்லை. ஆனா சர்வர் நிஜமாவே மெதுவாத்தான் இருக்கு. அனுப்பட்டுமா?"

"அனுப்பும்மா," என்றேன்.